கோட்டை மானைக் கீறுதல்: திருகோணமலை உயர்வகுப்புகளில் குறியீடும் சித்திரமும்

சமாதானம் என்று தலைப்புக் கொடுத்து மாணவர் சித்திரப் போட்டி ஒன்றை நடத்தினால் என்னென்ன வரும் என்பதை, தாள்களைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடலாம். ஒலிவ் இலையைக் கவ்விய வெள்ளைப் புறா, கோத்துக்கொண்ட இரண்டு கைகள், முறிந்த துப்பாக்கி, பின்னால் பூமியுருண்டை. சுற்றாடல் என்றால் உள்ளங்கையில் ஒரு மரக்கன்று. போதைப்பொருள் என்றால் மண்டையோடும் ஊசியும். தரம் 10, 11 பிள்ளைகள் இவற்றைக் கைத்திறனோடுதான் கீறுகிறார்கள். பஸ்டலைத் தேய்த்து ஒரு நிறத்தை இன்னொன்றோடு இணைப்பதில் பலர் நன்றாகத் தேர்ந்தவர்கள். ஆனால் அந்தப் புறா அவர்கள் பார்த்த புறா இல்லை. திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு அப்பால் புறாமலை என்றொரு சிறு தீவு இருக்கிறது. 2003 முதல் அது தேசியப் பூங்கா. பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர் அது. சாம்பல் உடல், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டைகள், வெயில் பட்டால் பச்சையும் ஊதாவுமாக மின்னும் கழுத்து. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளின் சமாதானப் படங்களில் இந்தப் புறாவைக் காண்பது மிக அரிது.

சுவரொட்டிகளில் உலகெங்கும் பறக்கும் வெள்ளைப் புறாவுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. ஒலிவ் இலை நோவாவின் கதையிலிருந்து வந்தது. பறவையை நம் காலத்துக்குக் கொண்டுவந்தவர் பிக்காசோ. 1949இல் பாரிசில் நடந்த உலக சமாதான மாநாட்டின் சுவரொட்டியில் அவருடைய கல்லச்சுப் படம் ஒன்று இடம்பெற்றது. ஓவியர் மத்தீஸ் அவருக்குக் கொடுத்திருந்த புறாவைப் பார்த்துச் செய்த படம் அது. அதில் இலை இல்லை, பறத்தலும் இல்லை. பாதம் வரை இறகு மூடிய பறவை ஒன்று கறுப்பு வெளியில் நிற்கிறது. பிக்காசோவின் தகப்பனாரும் ஓவிய ஆசிரியர், புறாக்களை விரும்பி வரைந்தவர். மகன் அந்தப் பறவையைச் சிறு வயது முதல் பார்த்துப் பழகியவர். உலகம் ஏற்றுக்கொண்ட அந்தக் குறியீடு, அருகில் இருந்து பார்த்த ஒரு பறவையிலிருந்து எழுந்தது. அதை நாம் பிள்ளைகளிடம் கொடுக்கும்போது பார்த்தலைக் கழற்றிவிட்டுப் பொருளை மட்டும் கொடுக்கிறோம்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் இதைத்தான். உயர்வகுப்பு மாணவருக்குக் குறியீட்டை அறிமுகப்படுத்தும் வேலை, பொருளை நேரில் பார்த்துக் கீறும் வேலையிலிருந்து தொடங்க வேண்டும். இன்ன உருவத்துக்கு இன்ன பொருள் என்ற அட்டவணையிலிருந்து தொடங்கினால், பிள்ளை குறியீட்டையும் கற்பதில்லை, கீறவும் கற்பதில்லை. திருகோணமலையில் இதை வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்கள் வாழும், எந்தச் சமூகமும் பாதியை எட்டாத மாவட்டம் இது. கொடி, மரம், விலங்கு, நிறம் எல்லாவற்றின் மீதும் முன்னமே ஒரு கனமான பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போதே அவற்றைச் சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். அவற்றை இறக்கி வைத்து நிதானமாகப் பார்ப்பதற்குப் பாடசாலையில் வசதியான பாடம் சித்திரம்தான்.

இப்போதுள்ள பாடம் குறியீட்டை எப்படிக் கையாள்கிறது? தரம் 6 முதல் 9 வரை ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஓர் அழகியற் பாடத்தைப் படிக்கிறது. சாதாரண தரத்தில் சித்திரம் விருப்பப் பாடம். செய்முறையில் பொருட்கூட்டத்தைப் பார்த்து வரைதல், தலைப்புக்குக் காட்சி வரைதல், அலங்கார வேலை என்பன வருகின்றன. எழுத்து வினாக்களில் இந்த நாட்டின் கலை மரபு வருகிறது: அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, கோயிற் கலை. குறியீடு என்ற பேச்சு பெரும்பாலும் இந்த எழுத்துப் பகுதிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கீறும் பக்கத்துக்கு அது வருவதில்லை.

சந்திரவட்டக்கல் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. யானை, குதிரை, சிங்கம், எருது ஆகிய நான்கும் பிறப்பு, மூப்பு, பிணி, சாவு, கொடி வேட்கை, அன்னம் நன்மை தீமையைப் பிரித்தறியும் அறிவு, நடுவிலுள்ள தாமரை நிர்வாணம் என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். தொல்லியலாளர் செனரத் பரணவிதான முன்வைத்த வாசிப்பு இது. எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல. இதைச் சொல்லாமல் கற்பிக்கும்போது, கல்லைச் செதுக்கியவரே பொருட்பட்டியலை எழுதி வைத்துவிட்டுப் போனார் என்ற எண்ணம் பிள்ளைக்கு உண்டாகிறது. அதைவிட முக்கியமான ஒரு செய்தி கல்லிலேயே இருக்கிறது. பொலன்னறுவைக்கு வரும்போது எருது அந்த வட்டத்திலிருந்து போய்விடுகிறது. இடையில் சோழர் ஆட்சி. சைவர்களுக்கு நந்தியாக வணங்கத்தக்க எருதைக் காலால் மிதிக்கும் படியில் வைப்பது பொருந்தாது என்று கருதினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். காரணம் எதுவானாலும், ஒரு சமூகத்தின் குறியீட்டுக்கு அருகில் இன்னொரு சமூகம் வந்து வாழத் தொடங்கியதும் அந்தக் குறியீடு மாறியிருக்கிறது. திருகோணமலை வகுப்பறையில் இதைவிடப் பயனுள்ள பாடம் வேறு என்ன இருக்க முடியும்? அனுராதபுரத்துக் கல்லையும் பொலன்னறுவைக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னால் போதும். மாணவர் கீறிக்கொண்டே கண்டுபிடிப்பார்கள்.

தேசியக் கொடியையும் இப்படிப் படிக்கலாம். 1948இல் ஏற்றியது சிங்கக் கொடி. செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் 1951இல் சேர்ந்தன. நான்கு மூலைகளிலும் இன்று நாம் காணும் அரச இலைகள் 1972இல் வந்தன. ஒரே நாட்டின் ஒரே கொடி சில பத்தாண்டுகளுக்குள் இத்தனை முறை திருத்தப்பட்டிருக்கிறது என்பதை அறியும் பிள்ளை, குறியீடுகளை மனிதர் கூடிப் பேசி ஆக்குகிறார்கள், மாற்றவும் செய்கிறார்கள் என்பதை உணரும். இதை விவாத மேடையாக்கத் தேவையில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் கீறி வண்ணம் தீட்டிப் பார்த்தாலே வகுப்பில் நல்ல கேள்விகள் வரும்.

இலங்கைப் பாடசாலைச் சித்திரத்தின் வரலாற்றைப் பார்த்தால், பார்த்துக் கீறுதலா, பிரதி செய்தலா என்ற இழுபறி நூறு ஆண்டுப் பழையது. காலனியக் காலப் பாடசாலைகளில் அச்சுப் படங்களைப் பார்த்துப் பிரதி செய்வதே சித்திர வகுப்பு. 1920களில் கல்வித் திணைக்களத்தின் சித்திரப் பரிசோதகராக இருந்த சி. எஃப். வின்சர், ஐரோப்பாவின் நவீன ஓவியத்தை அறிந்தவர். பிள்ளைகள் தாங்கள் கண்டதைத் தங்கள் விதமாகக் கீற வேண்டும் என்ற எண்ணத்தை இங்கு ஊன்றியவர்களில் ஒருவர். அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங், 1943இல் லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஜஸ்ரின் தரணியகல போன்றோருடன் ‘43 குழு’வில் இருந்தவர். நாட்டின் நவீன ஓவியமும் பாடசாலைச் சித்திரமும் ஒரே ஆட்களின் கையில் இருந்த காலம் அது. வடக்கில் சித்திரப் பரிசோதகராக இருந்த எஸ். ஆர். கனகசபை, வின்சரின் பெயரிலேயே 1938இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் வந்த ஓவியர் மாற்கு பாடசாலை ஆசிரியராகவும் விடுமுறைக்கால வகுப்புகளின் வழியாகவும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் கோடும் நிறமும் எதைச் சொல்லலாம் என்று தேடியவர்களில் பலர் அவரிடம் கற்றவர்கள்.

கிழக்கில் 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகமும் அதை உருவாக்கியவர்கள். போரால் பாதிக்கப்பட்ட பல சமூகப் பிள்ளைகள் அங்கு களிமண், வண்ணம், கதை ஆகியவற்றோடு கூடினார்கள். பல்கலைக்கழக மட்டத்திலும் காண்பியக் கலையைப் படிக்க விரும்பும் கிழக்கு மாகாணப் பிள்ளை மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்குத்தான் போகிறது. திருகோணமலைக்கு இந்த வரிசையில் சொல்லும்படியான ஒரு பள்ளி அமையவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருட்களைக் கணக்கிட்டால் இந்த ஊருக்கு இணையானது குறைவு.

தரம் 9, 10இல் ஏன் இவ்வளவு பிள்ளைகள் சித்திரத்தைக் கைவிடுகிறார்கள் என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். “எனக்குக் கீற வராது சேர்” என்ற வார்த்தை ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் வருவதில்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் வருகிறது. சிறு பிள்ளை தான் காண்பதைவிடத் தான் அறிந்ததையே கீறுகிறது என்று 1920களிலேயே பிரெஞ்சு ஆய்வாளர் லூக்கே எழுதினார். கண் என்றால் ஒரு பாதாம் வடிவம், நடுவில் ஒரு புள்ளி; மலை என்றால் இரண்டு முக்கோணம், இடையில் சூரியன்; தென்னை என்றால் வளைந்த கோட்டின் மேல் ஐந்து ஓலை. விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் இதற்கு அடுத்த கட்டத்தை விவரித்தார். பதின்வயதை நெருங்கும் பிள்ளை உள்ளதை உள்ளபடி கீற விரும்புகிறது, தன் பழைய வடிவங்கள் போதவில்லை என்று தானே கண்டுபிடிக்கிறது, வழி காட்ட ஆள் இல்லாவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது. சரியாக இந்த வயதில்தான் நாம் அதற்குப் புறாவும் மண்டையோடும் கொடுக்கிறோம். பழைய பாதாம் கண்ணின் இடத்தில் இன்னொரு தயார் வடிவத்தை வைக்கிறோம். பிள்ளைக்கு அப்போது தேவைப்படுவது பார்க்கும் பயிற்சி.

அந்தப் பயிற்சிக்கு விலையுயர்ந்த எதுவும் வேண்டாம். கிமோன் நிக்கொலாய்டிஸ் என்ற அமெரிக்க ஆசிரியரின் 1941ஆம் ஆண்டு நூலில் வரும் விளிம்புக் கீறல் இன்றும் மிகச் சிறந்த தொடக்கம். கண்ணைத் தாளின் பக்கம் திருப்பாமல், பொருளின் ஓரத்தில் கண் நகரும் அதே வேகத்தில் பென்சிலை நகர்த்த வேண்டும். முதலில் வருவது கோணல்மாணலாகத்தான் இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் கோணல் கோட்டில் அவர்கள் ஒருபோதும் கீறியிராத உண்மையான வளைவு ஒன்று எங்காவது இருக்கும். அதை ஆசிரியர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். டிமை தாளின் பின்பக்கமும் சிரட்டைக் கரியும் இதற்குப் போதும்.

இனி மான். திருகோணமலையில் வளரும் எந்தப் பிள்ளைக்கும் மானை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், நகரத்துத் தெருக்களில் புள்ளிமான்கள் திரிகின்றன. கடைவாசலில் வாழைப்பழத் தோல் தின்கின்றன, மதிய வெயிலில் மர நிழலில் படுத்து அசைபோடுகின்றன. தினமும் பார்க்கும் விலங்கு. ஆனாலும் மானைக் கீறச் சொன்னால் உடம்பெங்கும் சிதறிய வட்டப் புள்ளிகளோடு ஒரு பழுப்பு நாயும், தலையில் மரக்கிளையும் வரும். நிழலில் படுத்திருக்கும் மானிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தால் முதலில் தெரிவது புள்ளிகளின் ஒழுங்கு. முதுகெலும்பை ஒட்டிக் கருமையான ஒரு பட்டை, அதன் இருபுறமும் வரிசையாகப் புள்ளிகள், வயிற்றுக்கு அருகில் அவை ஏறக்குறைய ஒரு கோடாகவே சேர்ந்துவிடுகின்றன. தொண்டையில் வெள்ளைத் திட்டு. கலைமானின் கொம்பு ஒவ்வொன்றிலும் பொதுவாக மூன்று கிளைகள், நெற்றிக்கு மேலே முதற்கிளை முன்னோக்கி நீள்கிறது. வளரும் கொம்பின் மேல் வெல்வெட் போன்ற தோல். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து முளைப்பது. விழுந்து முளைக்கும் என்ற இந்த ஒரு செய்தியே போதும், வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை அதை இழப்போடும் மீட்சியோடும் சேர்த்து நினைக்கும். அந்த நினைப்பு ஆசிரியரின் வாயிலிருந்து வரக்கூடாது.

மானைப் பலமுறை கீறிய பிறகு மானின் கதைகளுக்கு வரலாம். இந்தக் கட்டத்தில் திருகோணமலை மற்ற ஊர்களைவிடக் கொடுத்து வைத்தது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது மறைந்துபோன வெண்கலத் திருமேனிகள் சில, 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது மண்ணிலிருந்து வெளிவந்தன. சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அவற்றுள் அடங்குவர். தமிழ் மரபின் இத்தகைய சிவ வடிவங்களில் பின் வலக்கையில் மழு இருக்கும். பின் இடக்கையின் இரண்டு விரல் நுனியில் பின்னங்கால் ஊன்றி ஒரு சின்ன மான் துள்ளி நிற்கும். தாருகாவன முனிவர்கள் சிவன் மேல் ஏவிய மானை அவர் கையில் ஏந்திக்கொண்டார் என்பது கதை. அலையும் மனத்தை அடக்கியதற்கு அடையாளம் என்று சொல்பவர்களும் உண்டு. பௌத்தருக்கு, புத்தரின் முதற்போதனை நிகழ்ந்த சாரநாத் மான்கள் வாழ்ந்த சோலை. தர்மசக்கரத்தின் இருபுறமும் இரண்டு மான்களை அமைப்பது அதனால் வந்த வழக்கு. சூல்கொண்ட மானுக்காகத் தன் கழுத்தை வைக்க முன்வந்த மான் அரசனின் கதையும் ஜாதகத்தில் உண்டு. கிறிஸ்தவப் பிள்ளைக்கு நீரோடையைத் தேடும் மான் 42ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. முஸ்லிம் பிள்ளைக்கு உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கிறது. வேடனின் வலையில் சிக்கிய பிணைமான் குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வர விடை கேட்கிறது, நபிகள் நாயகம் அதற்குப் பிணை நிற்கிறார், மான் சொன்னபடி திரும்பி வருகிறது. இராமாயணத்தில் மான் வேறு முகம் காட்டுகிறது. மாரீசன் எடுத்த பொன்மான் வேடம் வஞ்சகம். கோணமலைப் பாறையின் பிளவை இராவணன் வெட்டு என்று காட்டும் ஊரில் அந்தக் கதையும் தொலைவில் இல்லை.

இத்தனையும் ஒரே விலங்கு. கோட்டை வாசலில் திரியும் அந்த விலங்கு. ஒரு சமயத்தில் அடக்கப்பட்ட மனம், ஒன்றில் போதனையைக் கேட்கும் உயிர், ஒன்றில் தாகம், ஒன்றில் வாக்குத் தவறாத தாய், ஒன்றில் ஏமாற்று. நான்கு சமயப் பிள்ளைகளும் தங்கள் வீட்டு மானைக் கொண்டுவந்து வகுப்பில் வைக்கும்போது, குறியீட்டின் பொருள் உருவத்துக்குள் புதைந்து கிடப்பதல்ல, சொல்லும் கதையோடு சேர்ந்து வருவது என்று ஆசிரியர் விரிவுரை செய்ய வேண்டிய தேவையே இராது. அடுத்ததாக இன்னொரு மானைக் கீறச் சொல்லலாம், இந்தக் கதைகள் எதிலும் வராத மானை. தெருவில் பொலித்தீன் பையைத் தின்னும் மானைக் கீறும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும். சுற்றாடல் தலைப்புக்கு உள்ளங்கை மரக்கன்றைவிட அது எவ்வளவோ மேலான படம்.

உயிருள்ளவற்றை உருவமாக வரைவதில் சில முஸ்லிம் குடும்பங்களுக்குத் தயக்கம் உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதை அறிந்தவர்கள். அந்தத் தயக்கத்தை மதித்தே பாடம் அமைய வேண்டும், பிள்ளையை வகுப்பின் ஓரத்தில் உட்கார வைக்கக்கூடாது. பிணை நின்ற கதையில் மானைக் கீறாமலே கீறலாம்: அறுந்த கயிறு, விரித்த வலை, ஈரமண்ணில் போய்த் திரும்பிய குளம்படிச் சுவடுகள். உண்மையைச் சொன்னால், குறியீட்டுப் பயிற்சியாக இது மானையே கீறுவதைவிட ஒரு படி மேல். இல்லாத ஒன்றை இருக்கும் தடயத்தால் உணர்த்துவது இதில் நடக்கிறது. முழு வகுப்புக்கும் இதைக் கொடுக்கலாம்.

தமிழ் இலக்கியம் படிக்கும் பிள்ளைக்கு இந்த வழி புதிதும் அல்ல. தமிழ் அகப்பொருள் மரபு ஒவ்வொரு திணைக்கும் முதல், கரு, உரி என்ற மூன்று பொருள்களை வகுத்திருக்கிறது. நெய்தலுக்குக் கடல், சுறா, புன்னை, உப்பு விளைத்தல், மீன் பிடித்தல், உரிப்பொருளாக இரங்கல். அதே பிள்ளை தமிழ்ப் பாடத்தில் இதை மனனம் செய்கிறது, அடுத்த பாடவேளையில் சித்திர அறைக்கு வந்து ஒலிவ் இலையைக் கீறுகிறது. இரண்டு ஆசிரியர்களும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் எவ்வளவு நல்லது. நிலாவெளி உப்பளமும் டச்சுக்குடாக் கரையும் நெய்தல். தம்பலகாமத்து வயலும் கந்தளாய்க் குளமும் மருதம். கருப்பொருளுக்குள் வேறொரு பொருளை மறைத்து வைக்கும் உள்ளுறை என்ற உத்தி வேலை செய்வதற்குக் காரணம், அந்தப் புலவர்கள் நண்டையும் நாரையையும் புன்னைப் பூவையும் மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் என்பதே. கவனிப்புப் பொய்யாக இருந்தால் உள்ளே வைத்த பொருளும் நிற்காது. சங்கப் பாடலைப் பற்றி நான் சொல்லும் இதே நியாயம் பிள்ளையின் தாளுக்கும் பொருந்தும்.

மீனைப் பற்றியும் ஒரு சொல். பிரெட்ரிக் கோட்டை வாயிற் கல்லில் கயல் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது, பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டு ஒன்றும் உண்டு. இடிக்கப்பட்ட கோயிலின் கற்களைக் கொண்டு எழுந்த கோட்டை அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் கோணமலை வரை வந்து தங்கள் கயற் சின்னத்தைப் பொறித்தார்கள். அன்று அது வெற்றியின் அடையாளம். இன்று வாசலைக் கடந்து கோயிலுக்குப் போகும் பலர் அதைக் கவனிப்பதில்லை. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையிடம் கல்லில் உள்ள கயலையும் வாடியில் கிடக்கும் சூரையையும் அடுத்தடுத்துக் கீறச் சொன்னால் அரச சின்னத்துக்கும் குறியீட்டுக்கும் உள்ள தூரம் அதற்குப் புரியும். முதலாவது எவரும் உடனே அடையாளம் காணும்படி எளிமையாக்கிய வடிவம். மற்றதில் செதிலும் செவுளும் வீட்டுச் செலவும் இருக்கின்றன.

பிள்ளை தன் குறியீட்டைத் தானே ஆக்கிக்கொள்ளும் கட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது நங்கூரம். கப்பற் படங்களில் வரும் அழகான நங்கூரம் வேண்டாம். கரையில் வள்ளங்களோடு கிடக்கும், கம்பியை வளைத்து ஒட்டிய நங்கூரம்: நான்கு கொளுக்கிகள், துரு, கழுத்தில் பலமுறை முடிச்சிட்ட நைலோன் கயிறு, கொளுக்கியில் காய்ந்த பாசி. இதை வகுப்பறை மேசையில் வைத்துக் கரியால் கீற ஒரு வாரம் கொடுக்க வேண்டும். கடற்படையின் சின்னத்தில் நங்கூரம் இருக்கிறது, கிறிஸ்தவ மரபில் அது நம்பிக்கையின் அடையாளம், கரைவாழ் பிள்ளைக்கு அது தகப்பனின் தொழிற்கருவி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நங்கூரமும் காப்பாற்றாமல் போன வள்ளங்களைப் பற்றி வீட்டில் பேசக் கேட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் தங்குதல் என்பதே வேறு பொருள். வான்கோ 1888இல் தன் நாற்காலியையும் கோகனின் நாற்காலியையும் தனித்தனியே வரைந்தார். முதலாவதில் கோரைப்புல் இருக்கையின் மேல் புகைக்குழாய், மற்றதில் எரியும் மெழுகுவர்த்தியும் நூல்களும். ஆட்கள் இல்லை, ஆனால் இருவரும் இருக்கிறார்கள். நங்கூரம் கீறி முடித்த வகுப்புக்கு இந்த இரண்டு படங்களையும் காட்டி, “உங்கட வீட்டில ஒருத்தர அவர் இல்லாம கீறுங்கோ” என்று சொல்லலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. போருக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு கிழக்கில் பிள்ளைகளின் படங்களை வைத்து நிறையப் பேசப்பட்டது. சிவப்புப் பூசினால் கோபம், வீட்டுக்குக் கதவு இல்லாவிட்டால் பயம் என்பதுபோன்ற வாசிப்புகள் ஆசிரியர்களிடமும் பரவியிருக்கின்றன. சிவப்புப் பஸ்டல் மட்டும் மிஞ்சியிருந்ததாலும் பிள்ளை சிவப்பைப் பூசியிருக்கலாம். படத்தைக் கொண்டு மனத்தை அளப்பது சித்திர ஆசிரியரின் வேலை அன்று. கவலைக்குரியதாக ஏதாவது தெரிந்தால் உரியவரிடம் தனியே சொல்ல வேண்டும். வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அதன் குறியீட்டை விளக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்பதில் நான் மிக உறுதியாக இருக்கிறேன். சொல்ல முடியாததை வைப்பதற்குத்தான் பிள்ளை அந்த உருவத்தைத் தேர்ந்தது. தேர்ந்த அறிஞர்களுக்கே இதில் நிதானம் தேவைப்பட்டிருக்கிறது. ஓவியர் வான் ஐக் 1434இல் வரைந்த அர்னோல்பினி தம்பதியர் படத்தில் நாய் விசுவாசம், ஒற்றை மெழுகுவர்த்தி இறைவனின் கண் என்று கலை வரலாற்றாளர் பனோஃப்ஸ்கி 1934இல் விளக்கினார். பின்வந்தவர்கள் அந்த விளக்கத்தில் பலவற்றை மறுத்தார்கள்.

பரீட்சை இருக்கிறதே என்பார்கள். இருக்கத்தான் செய்கிறது. பரீட்சைக்கு வேண்டிய பொருட்கூட்ட வரைதலுக்கு நங்கூரத்தோடு கழித்த வாரம் நேரடிப் பயிற்சி. காட்சி வரைதலில் கோயில் திருவிழா, சந்தை என்று வரும் தலைப்புகளில் மனப்பாட மனிதர்களுக்குப் பதில் பார்த்த மனிதர்கள் வருவார்கள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குத் தவணை முழுவதும் நிரப்பிய வரைபுக் கொப்பியை எடுத்துக்கொள்ளலாம். புள்ளியிடும்போது “இது எதைக் குறிக்குது?” என்ற கேள்விக்கு முன்னால் “இதை எங்க பாத்தனீர்?” என்ற கேள்வி வர வேண்டும்.

வெளியே கூட்டிப்போவதுதான் இந்த மாவட்டத்தில் சிக்கல். துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படைத் தளம். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. உலகம் புகழும் இயற்கைத் துறைமுகத்தின் கரையில் பிறந்து, அதைத் தாளில் வைக்காமலே பாடசாலையை முடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியொரு ஆசிரியர் பிள்ளைகளோடு கொப்பியும் பென்சிலுமாகப் போய் நின்றால் கேள்வி வரும். வலயக் கல்வி அலுவலகங்கள் தவணைக்கு ஒரு நாளுக்காவது முன்னரே அனுமதி பெற்றுக் கொடுத்தால் அந்தத் தடை நீங்கும். உள்துறைமுக வீதியோரமும் டச்சுக்குடாக் கரையும் எவரும் போகக்கூடிய இடங்கள், அங்கிருந்து தொடங்கலாம். திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வலயங்களின் பாடசாலைகள் அந்த ஆண்டின் மான்களையும் நங்கூரங்களையும் சுவடுகளையும் நகரத்தில் ஒரே மண்டபத்தில் தொங்கவிட வேண்டும். தமிழ், சிங்கள மொழிமூலப் பிள்ளைகள் ஒருவர் கீறியதை ஒருவர் பார்க்க வேறு வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. தலைப்போ விளக்கமோ ஒட்டத் தேவையில்லை. தரம், பாடசாலை, எந்த இடத்தில் பார்த்துக் கீறியது என்ற மூன்றையும் இரண்டு மொழிகளிலும் கீழே எழுதினால் போதும்.